நாள் முழுக்க ஓட்டியும் ஒரு கிராம் நானோ நார் இல்லை, வேகமாக எடுக்க வழி உண்டா?

வாவிக்கரை:
அண்ணன்மாரே, வந்தாறுமூலையில் நானும் கூட்டாளியும் மின்சாரத்தைச் சேமித்துச் சட்டென்று விடும் சுப்பர் கெப்பாசிட்டருக்குக் கார்பன் நானோ நார் விரிப்பு செய்யப் பார்க்கிறோம். மின்னழுத்தத்தால் கரைசலை இழையாக இழுக்கும் முறைதான். சிரிஞ்சில் கரைசல், ஊசிக்கு 15 கிலோவோல்ட், எதிரே அலுமினியத் தாள் சுற்றிய உருளை. மணிக்கு 1 மில்லிலீற்றருக்கு மேல் விட்டால் ஊசி சொட்டுகிறது. கரைசலில் நாராகப்போகும் பொலிமர் 10 வீதம், அப்படியென்றால் மணிக்கு 0.1 கிராம்தான். காலையில் தொடங்கிப் பின்னேரம் பார்த்தால் நகத்தால் சுரண்டச் சுருண்டு போகும் ஒரு வெள்ளைப் படலம், அவ்வளவே. இப்போது தண்ணீரில் கரையும் பிவிஏ என்ற பொலிமரை வைத்துப் பழகுகிறோம், மழை தொடங்கியதிலிருந்து நாருக்குப் பதில் மணிமணியாக விழுகிறது.

அமிர்தகழியான்:
தம்பி, மாமாங்கத் திருவிழாவில் தும்பு முட்டாசு சுற்றுவதைக் கிட்ட நின்று பார்த்திருப்பீர்கள்தானே? நடுக்கிண்ணம் சுழல, ஓட்டைகளால் சீனிப்பாகு இழையாகப் பறந்து ஓரத்தில் ஒட்டும். அதே வேலைதான். டெக்சாஸில் கேரன் லொசானோ என்ற பொறியியல் பேராசிரியரின் குழுவினர் அதை நானோ அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று, உயர் மின்னழுத்தம் தேவையில்லை, கரைசல் மின்சாரம் கடத்துமா என்ற கவலையும் இல்லை. வேகமும் ஊசியோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் மூடி போடாமல் சுற்றாதீர்கள், கிண்ணம் கழன்றால் ஆளைக் கொல்லும்.

மருதமுனைத் தறி:
எங்கள் வீட்டில் கைத்தறி. ஈரக் காற்று என்றால் தறிக்கு நல்லது, பருத்தி நூல் அறாது. உங்களுக்கு அதுவே எதிரி, ஏனென்றால் இழை பறக்கும் வழியிலேயே தண்ணீர் காய வேண்டும், காயாவிட்டால் திரும்பத் துளியாகக் கூடிவிடும். முதலில் முழுவதையும் பெட்டிக்குள் அடைத்து சிலிக்கா ஜெல் வையுங்கள். மறுகா, காற்றால் ஊதி நூற்கும் முறையையும் பாருங்கள், 2009இல் பிரேசில்காரர் எழுதியது. பெயின்ட் அடிக்கும் ஏர்பிரஷும் கம்பிரசரும் போதும். பொதிக்குள் வரும் வெள்ளை ரெஜிஃபோமை எதைல் அசற்றேற் என்ற கரைப்பானில் கரைத்து ஊதிப் பழகலாம், தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

அமிர்தகழியான்:
ரெஜிஃபோம் பழகத்தான், சூடாக்கினால் உருகிவிடும். கார்பனுக்கு பொலிஅக்ரிலோநைட்ரில் என்ற பொலிமர் வேண்டும், அதைக் காற்றில் 250 பாகைக்கு மேல் மெதுவாகச் சூடாக்கி நிலைப்படுத்தி, அப்புறம் நைதரசனில் 800க்கு மேல் கொண்டுபோக வேண்டும். அதைக் கரைக்கும் டிஎம்எஃப் என்ற கரைப்பான் 153 பாகையில்தான் கொதிக்கும், ஆகவே ஊதும் காற்றும் சூடாக இருக்கட்டும். டிஎம்எஃப் தோலாலும் உடம்புக்குள் போகும், கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். ஊதிய நார் தடிப்பில் ஏறி இறங்கும், மின்வாய்க்கு அது பரவாயில்லை. பற்றரிக்குள் இரண்டு மின்வாயும் தொடாமல் இடைத்தாளாக வைப்பதற்கு மட்டும் உங்கள் ஊசி முறையை விடாதீர்கள், அங்கே ஒரு ஓட்டை விழுந்தாலும் ஷோர்ட் ஆகிவிடும்.

வாவிக்கரை:
சரி அண்ணன், இன்றைக்கே பெட்டி அடிக்கிறோம். கம்பிரசர் கராஜில் இரவல் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை ஊதிப் பார்த்துவிட்டு நிறுத்த எடையோடு வருகிறேன்.