பி வேல்யூ 0.07 வருது, ஒரு கேஸ எடுத்துட்டா 0.04 ஆகுது. என்ன பண்றது?

மயக்கவியல்_பிஜி:
வணக்கம். அனஸ்தீசியா பிஜி கடைசி வருஷம், தீசிஸ் சப்மிட் பண்ற நேரம். சிசேரியன் முடிஞ்சவங்களுக்கு வலி குறைய ரெண்டு மருந்த கம்பேர் பண்ணேன், குரூப்புக்கு 40 பேர், 6-வது மணி நேரத்துல 0-ல இருந்து 10 வரைக்கும் வலி ஸ்கோர் கேட்டு மாஸ்டர் சார்ட்ல ஏத்தியாச்சு. பழைய மருந்துல சராசரி 4.3, புதுசுல 3.4. எஸ்டி (ஸ்கோர் சராசரிய சுத்தி எவ்ளோ பரவி இருக்குங்கற அளவு) ரெண்டு பக்கமும் 2.2. எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேர்ல டி டெஸ்ட் (ரெண்டு சராசரிய ஒப்பிடற சோதனை) போட்டா பி 0.07, வழக்கமா 0.05-க்கு கீழ வந்தாத்தான் "சிக்னிஃபிகன்ட்"னு ஏத்துக்கறாங்க. கைடு மேடம் பார்த்துட்டு, புது மருந்துல ஒருத்தங்க 8 சொல்லிருக்காங்கல்ல அது அவுட்லையர் (மத்தவங்கள விட்டு ரொம்ப விலகி நிக்கற மதிப்பு), எடுத்துட்டு ஓட்டிப் பாருன்னாங்க. ஓட்டினேன், 0.04 வருது. ஆனா அந்தம்மாவுக்கு நெஜமாவே தாங்க முடியாத வலி, கூப்பிட்டு அனுப்பி ராத்திரி எக்ஸ்ட்ரா ஊசி போட்டதே நான்தான். அவங்கள எப்படிங்க எடுக்கறது? எடுக்கலன்னா "ரெண்டும் ஒண்ணுதான்"னு எழுதணுமா?

புள்ளியியல்_செல்வி:
எடுக்காதீங்க தங்கச்சி. ஸ்கோர தப்பா ஏத்திருந்தாலோ, மருந்தே போடாம விட்டிருந்தாலோ அது வேற கதை. ரிசல்ட் பிடிக்கலன்னு எடுத்தா அதுக்கப்புறம் வர்ற 0.04-க்கு அர்த்தமே கிடையாது. ஏன்னா அந்த நம்பர் சொல்றது இவ்ளோதான்: ரெண்டு மருந்துக்கும் உண்மைல வித்தியாசமே இல்லன்னு வச்சுக்கிட்டா, இவ்ளோ பெரிய வித்தியாசமோ இதுக்கு மேலயோ தற்செயலா வர எவ்ளோ வாய்ப்பு. யார வச்சுக்கறது யார எடுக்கறதுன்னு டேட்டாவ பார்த்துட்டு முடிவு பண்ணா அந்தக் கணக்கு அங்கயே உடைஞ்சு போச்சு. இன்னொண்ணு, 0.07-ன்னா "மருந்து வேலை செய்யாம இருக்க 7 சதவீதம் வாய்ப்பு"ன்னு நிறைய தீசிஸ்ல எழுதறாங்க, அதுவும் தப்பு, அமெரிக்க புள்ளியியல் சங்கம் 2016-ல தனியா ஒரு அறிக்கையே விட்டு இதச் சொல்லிச்சு.

நீங்க குடுத்த நம்பர வச்சு 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் போட்டுப் பார்த்தேன், மைனஸ் 0.1-ல இருந்து 1.9 வரைக்கும் வருது. அதாவது உங்க டேட்டாவோட ஒத்துப்போறதுல துளி கூட பிரயோஜனம் இல்லாததும் இருக்கு, கிட்டத்தட்ட 2 பாயிண்ட் வலி குறையறதும் இருக்கு. பி வேல்யூவ விட இதுதான் டாக்டருக்கு உபயோகமான தகவல். உண்மையிலேயே 1 பாயிண்ட் வித்தியாசம் இருக்குன்னே வைங்க, இந்த எஸ்டிக்கு 40, 40 பேர் வச்சு பார்த்தா 0.05-க்கு கீழ வர்றது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 80 சதவீதம் பவர் (உண்மையா இருக்கற வித்தியாசத்தக் கண்டுபிடிக்கற வாய்ப்பு) வேணும்னா குரூப்புக்கு 76 பேர் வேணும். ஸ்டடி ஆரம்பிக்கும்போதே பார்த்திருக்க வேண்டியது, ஆனா இத டிஸ்கஷன்ல தைரியமா எழுதலாம்.

வயக்காட்டு_ஆராய்ச்சி:
நான் அக்ரி. "ரெண்டும் ஒண்ணுதான்"னு மட்டும் எழுதிடாதீங்க. எங்க பக்கம் இந்த வியாதி ரொம்ப முத்திப்போச்சு, ரெண்டு உரத்துக்கு நடுவுல மகசூல் வித்தியாசம் சிடி வேல்யூவ (வித்தியாசம்னு ஏத்துக்கத் தேவையான குறைஞ்சபட்ச அளவு) விட கம்மியா இருந்தா உடனே "ஆன் பார்", அதாவது ரெண்டும் சமம்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த டேபிளுக்குப் போயிடுவாங்க, அப்புறம் அந்த வரிய வச்சு விவசாயிக்கு ரெண்டுல எது போட்டாலும் சரின்னு சிபாரிசே போயிடும். மூணே மூணு ரெப்ளிகேஷன் (அதே சோதனைய வேற பாத்திலயும் திரும்ப வைக்கறது) வச்சுட்டு வித்தியாசம் தெரியலன்னா சோதனைக்குக் கண்ணு பத்தலன்னு கூட இருக்கலாமே. சமம்னு காட்டணும்னா அதுக்குத் தனி டிசைன் இருக்கு. இந்த 0.05-அ பழக்கத்துக்குக் கொண்டு வந்த புள்ளியியல் அறிஞர் ஃபிஷரும் இங்கிலாந்துல ராதாம்ஸ்டட் விவசாய ஆராய்ச்சி நிலைய வயல்ல வேலை பார்த்தவர்தான். 1925 புத்தகத்துல 20-க்கு 1-ங்கறத வசதியான ஒரு எல்லைன்னுதான் வச்சார், அடுத்த வருஷமே, ஒழுங்கா டிசைன் பண்ணின சோதனைய திரும்பச் செஞ்சா பெரும்பாலும் இதே மாதிரி வந்தாத்தான் நிரூபணம் ஆனதா எடுத்துக்கணும்னு எழுதினார். அந்த ரெண்டாவது பாதிய யாருமே சொல்லித் தர்றதில்ல, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

மயக்கவியல்_பிஜி:
ரொம்ப நன்றிக்கா, நன்றி சார். இன்னொரு சந்தேகம். 2, 4, 6, 12, 24 மணி நேரம்னு அஞ்சு ஸ்கோர் எடுத்தேன். 12-ல 0.03 வருது. யாரையும் எடுக்கல. அதையே மெயின் ரிசல்ட்டா போட்டுக்கலாமா?

இதய_மருத்துவன்:
அதுவும் கூடாதும்மா. அஞ்சு தடவ பார்த்தா எதுலயாவது ஒண்ணுல சும்மாவே 0.05-க்கு கீழ விழ வாய்ப்பு ஏறும். அஞ்சும் தனித்தனின்னா 100-க்கு 23 கிட்ட, ஒரே ஆளோட ஸ்கோர்ங்கறதால கொஞ்சம் குறையும், ஆனா 5-ஆ இருக்காது. 1988-ல ஐசிஸ்-2 ட்ரையல்னு ஒண்ணு வந்துச்சு, மாரடைப்பு வந்த 17,000-க்கும் மேல பேஷண்ட், ஆஸ்பிரின் குடுத்தா அஞ்சு வாரத்துல சாவு நல்லாவே குறையுதுன்னு சந்தேகமே இல்லாம காட்டினது. வயசு வாரியா, நோய் வாரியா பிரிச்சுப் பிரிச்சுக் காட்டறது எவ்ளோ ஆபத்துன்னு புரிய வைக்க, அவங்க பிறந்த தேதி வச்சு ராசி வாரியாவும் பிரிச்சுப் போட்டாங்க (நம்ம நட்சத்திர ராசி இல்ல, வெள்ளைக்காரங்க மாசக் கணக்குல பார்க்கறது). மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் கொஞ்சம் கெடுதல் மாதிரி வந்துச்சு, மத்த எல்லாருக்கும் பெரிய நன்மை! இன்னிக்கும் கேஷுவாலிட்டில ஆஸ்பிரின் குடுக்கறப்ப யாரும் ராசி கேட்கறதில்ல.

2019-ல 800-க்கும் மேல ஆராய்ச்சியாளர்கள் கையெழுத்து போட்டு இந்த "சிக்னிஃபிகன்ட்"ங்கற வார்த்தையவே விட்டுடலாம்னாங்க. எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. புது மருந்துக்கு அனுமதி குடுக்கறவங்களுக்கு ஒரு கோடு வேணும், இல்லன்னா கம்பெனி ஆளாளுக்கு அவங்களுக்குத் தோதா பேசுவாங்க. ஆனா அந்தக் கோட முன்னாடியே போட்டிருக்கணும்.

புள்ளியியல்_செல்வி:
அதேதான் சார். தங்கச்சி, சி.டி.ஆர்.ஐ-ல (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு பண்ணிருப்பீங்கல்ல, அதுல பிரைமரி அவுட்கம்னு (முக்கியமா அளக்கப் போறது) எந்த மணி நேரம் போட்டிருக்கீங்கன்னு எடுத்துப் பாருங்க. 6-ன்னு இருந்தா 6-தான் மெயின். 12-அ செகண்டரின்னு சொல்லி அஞ்சையும் ஒரே டேபிள்ல போடுங்க. மேடம்கிட்ட போகும்போது "தப்பு மேடம்"னு ஆரம்பிக்காதீங்க, அந்தப் பதிவோட பிரிண்ட்அவுட்ட கைல வச்சுக்கிட்டு "எக்ஸாமினர் இத எடுத்துப் பார்த்தா நான் என்ன மேடம் சொல்றது"ன்னு கேளுங்க. 80 பேரையும் வச்சு வித்தியாசம் 0.9, இன்டர்வல் மைனஸ் 0.1 முதல் 1.9, பி 0.07-ன்னு மூணையும் ஒரே வரில எழுதி, அந்தம்மாவுக்குப் போட்ட எக்ஸ்ட்ரா ஊசியையும் ரெஸ்க்யூ டோஸ் டேபிள்ல சேர்த்துடுங்க. டேபிள் ரெடியானதும் இங்க போடுங்க, பார்த்துத் தரேன்.