புளோக்கில் மூத்தோர் வீடுகளில் கருவிச் சோதனை: அம்மாவைச் சேர்க்கலாமா?

ஈசூன்_செல்வி
வணக்கம். இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு நிறுவனம் சோதனை நடத்தப் போகிறது. மூத்தோர் தனியாக இருக்கும் வீடுகளில் கூரையில் சின்னக் கருவி ஒன்றைப் பொருத்துவார்களாம். கேமரா கிடையாது, ரேடார் அலை. யாராவது விழுந்தால் பிள்ளைகளின் கைப்பேசிக்குத் தகவல் வரும். ஆறு மாதம் இலவசம். ஆய்வுக்கூடத்தில் இல்லாமல் நிஜ வீட்டில், பயன்படுத்துபவர்களோடு சேர்ந்தே உருவாக்குகிறோம் என்று கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டு விளக்கினார்கள். அம்மாவுக்கு 78 வயது. பகலில் வீட்டில் தனியாக இருக்கிறார். தம்பி உடனே கையெழுத்துப் போடச் சொல்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்_குமரன்
சேருங்கள் அக்கா. நான் உணர்கருவி மென்பொருள் துறையில் இருப்பவன், இந்த நிறுவனத்தில் இல்லை. ஆய்வுக்கூடத்தில் விழுந்து காட்டுபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். மெத்தை மேல் தொப்பென்று விழுவார்கள். வயதானவர்கள் பல நேரம் அப்படி விழுவதில்லை. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் எழ முடியாது. கருவி அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். இன்னொரு பக்கம், நாம் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறோம், சாமி முன்னால் விழுந்து கும்பிடுகிறோம், பக்கத்து வீட்டு மலாய் அம்மா மக்சிக் தொழுகையில் நெற்றி தரையில் படக் குனிகிறார். கருவி இதையெல்லாம் விபத்து என்று எண்ணி அலறும். இதைக் கற்றுக்கொடுக்க நிஜ வீட்டை விட்டால் வேறு வழியே இல்லை.

மூத்தோர் அட்டையைச் சாலை விளக்குக் கம்பத்தில் தட்டினால் சாலையைக் கடக்கக் கூடுதலாக 3 முதல் 13 விநாடி கிடைக்கிறதே, கிரீன் மேன் பிளஸ், அதை 2009இல் ஐந்து இடங்களில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

தோபாயோ_ராஜன்
குமரன் தம்பி, நல்ல உதாரணத்தை மட்டும் எடுத்து வைக்கிறீர்கள். 2021 செப்டம்பரில் எங்கள் தோ பாயோ சென்ட்ரலில் சேவியர் என்ற ரோபோவை மூன்று வாரம் ஓட்டினார்கள். தடை செய்த இடத்தில் புகைப்பவர், சைக்கிளைத் தப்பாக நிறுத்துபவர், கூட்டமாக நிற்பவர் ஆகியோரைக் கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. அதைப் பயன்படுத்தியவர்கள் அதிகாரிகள். காய்கறி வாங்கப் போன நாங்கள் அது பார்க்கும் காட்சி. 'நிஜச் சூழலில் மக்களோடு சோதனை' என்று சொல்லும்போது இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

செல்வியின் அம்மா விஷயத்திலும் அதே கேள்விதான். தகவல் போவது பிள்ளைகளின் கைப்பேசிக்கு. கருவி தலைக்கு மேல் இருப்பது அம்மாவுக்கு. கருத்துக் கேட்டுப் படிவம் யாருக்கு வரும்?

அப்புறம் சிம்ப்ளிகோ என்ற பயணக் கட்டண முறை. வங்கி அட்டையைத் தட்டிப் பயணம் செய்யும் முன்னோட்டம் 2017இலேயே தொடங்கியது. சேர்ந்தவர்கள் யார்? ஏற்கெனவே வங்கி அட்டை, கைப்பேசி எல்லாம் பழகியவர்கள், தாங்களாக விரும்பி வந்தவர்கள். 2024 ஜனவரி 9ஆம் தேதி, பழைய அட்டை முறை ஜூன் முதல் நிற்கும் என்று அறிவித்தார்கள். மக்கள் கொதித்துப் போனார்கள். காரணம் எளிது: புதிய முறையில் எம்ஆர்டி ரயில் நிலையக் கதவில் தட்டும்போது அட்டையில் எவ்வளவு மீதி என்று திரையில் தெரியவில்லை. கையிலிருக்கும் காசை எண்ணிச் செலவழிப்பவருக்கு அந்த எண் முக்கியம். ஜனவரி 22ஆம் தேதி முடிவை மாற்றி, பழைய முறையை நீட்டிக்க 40 மில்லியன் வெள்ளி ஒதுக்க வேண்டி வந்தது. முன்னோட்டம் வருடக்கணக்கில் நடந்தது. ஆனால் அந்தத் திரையைப் பார்த்தே பழகிய ஆட்கள் அதில் இல்லை.

கோட்_குமரன்
ராஜன் அண்ணே, நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தான் பலம். தப்பான ஆட்களை வைத்துச் சோதித்தால் சரியான ஆட்களைச் சேர்க்க வேண்டும், சோதனையையே வேண்டாம் என்று தள்ளக் கூடாது. செல்வி அக்காவின் அம்மா மாதிரி ஆட்கள் ஒதுங்கினால், ஆங்கிலம் பேசும், கைப்பேசி பழகிய மூத்தோரை வைத்துத்தான் அந்தக் கருவி உருவாகும். நாளைக்கு அதே கருவி நம் வீட்டுக்கும் வரும்.

சிறிய இடத்தில் தவறுவது நல்லது. 2016 ஆகஸ்ட்டில் ஒன்-நார்த் வட்டாரத்தில் நுடோனோமி நிறுவனம் ஓட்டுநரில்லா டாக்சியில் பொதுமக்களை ஏற்றிப் பார்த்தது. ஓட்டுநர் இருக்கையில் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். அக்டோபரில் வண்டி ஒரு லாரியில் மோதியது. காயம் யாருக்கும் இல்லை. ஓட்டத்தை நிறுத்தி மென்பொருளைத் திருத்தினார்கள். இதுவே தீவு முழுக்கத் திறந்துவிட்ட பிறகு நடந்திருந்தால்?

தாதி_மாலா
நான் வீடு வீடாகப் போகும் தாதி. இரண்டு பேரும் பெரிய விஷயங்களைப் பேசுகிறீர்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன். சில வாடகை வீடுகளில் ஆபத்துக்கு இழுக்கக் கயிறு தொங்கும். துணி காயப்போட இடைஞ்சல் என்று அதை மேலே முடிந்து வைத்திருப்பார்கள். விழுந்து கிடப்பவருக்கு அது எட்டாது. கழுத்தில் போடும் பொத்தான் காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கும். 'நோயாளி மாதிரி இருக்கு, புள்ள' என்பார்கள். இதெல்லாம் எந்தப் படிவத்திலும் வராது. நேரில் போய் உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். செல்வி, நிறுவனத்திலிருந்து யாராவது வீட்டுக்கு வந்து அம்மாவோடு தமிழில் பேசுவார்களா? இல்லை, கருவியை மாட்டிவிட்டு எண்களை மட்டும் தூரத்திலிருந்து பார்ப்பார்களா? முதல் வகை என்றால் எனக்குச் சம்மதம்.

தோபாயோ_ராஜன்
மாலா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உழைப்புக்கு என்ன கணக்கு? எம்ஐடி பேராசிரியர் வில்லியம் மிட்செல் போன்றவர்கள், மக்கள் வாழும் இடத்திலேயே சோதிக்கும் இந்த முறையை 'வாழும் ஆய்வுக்கூடம்' என்று பேசியபோதும், 2006இல் ஐரோப்பாவில் அதற்கென வலையமைப்பு தொடங்கியபோதும் மக்கள் கூட்டாளிகள் என்றுதான் சொன்னார்கள். கூட்டாளிக்குப் பங்கு உண்டு. இங்கே ஆறு மாதம் அம்மா நடந்தது, தூங்கியது, கழிப்பறைக்கு எழுந்தது எல்லாம் தரவாகப் போகும். பிறகு கருவியைக் கழற்றிக்கொண்டு போவார்கள், அல்லது மாதக் கட்டணம் கேட்பார்கள். அதற்குள் பிள்ளைகள் 'கருவிதான் இருக்கே' என்று மதியம் போன் போடுவதை நிறுத்தியிருப்பார்கள்.

கோட்_குமரன்
எல்லாவற்றுக்கும் கூலி கேட்டால் எதுவும் நடக்காது அண்ணே. அரசாங்கத்தின் எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர் தளத்தில் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தித் தருபவர்கள் தொண்டூழியர்கள். மருத்துவ அறிவிப்பு நம் மொழியில் ஒழுங்காக வர வேண்டும் என்ற அக்கறையில் செய்கிறார்கள்.

தோபாயோ_ராஜன்
அது பொதுச் சொத்து, எல்லாருக்கும் திரும்பி வருகிறது. இது விற்பனைப் பொருள். இரண்டும் ஒன்றல்ல.

ஈசூன்_செல்வி
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு அம்மாவிடமே விவரமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, 'குளியலறையில வைப்பாங்களா?' என்றார். படுக்கையறையிலும் கூடத்திலும் மட்டும்தான் என்று விளக்கத்தாளில் இருக்கிறது. 'நான் வழுக்குறதே அங்கதானே, கூடத்துல வச்சு என்ன செய்ய' என்கிறார்.

கோட்_குமரன்
கேமரா இல்லாததால் குளியலறையிலும் வைக்கலாம். தண்ணீர் விழுவதும் திரைச்சீலை அசைவதும் அலையைக் குழப்பும், அதனால் தவிர்த்திருப்பார்கள். வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்குத் தேவையான சோதனையே அதுதான்.

தாதி_மாலா
தகவல் வந்ததும் யார் போவார்கள் என்பதையும் கேளுங்கள். நீங்கள் ஜூரோங்கில் வேலையில் இருந்தால், பூட்டிய கதவைத் திறக்க யாரிடம் சாவி இருக்கும்?

தோபாயோ_ராஜன்
குளியலறை, சாவி, ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பாதியில் விலக நினைத்தால் சம்மதத்தைத் திரும்பப் பெற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதுவரை சேர்ந்த தரவை என்ன செய்வார்கள் என்று அப்போதே கேட்டுவிடுங்கள். கையெழுத்தை உங்கள் தம்பி போட வேண்டாம், அம்மா போடட்டும்.