ஓரெக்சின்ங்கிற மூளைப் பெப்டைடைத் தடுத்தும் எலி சர்க்கரையை விடலையே, ஏன்?

தரமணி_லேப்: எலி லீவரை 1 தடவை அழுத்தினா 1 சர்க்கரை பெல்லட். ஓரெக்சின் வந்து ஒட்டுற ஓரெக்சின்-1 ஏற்பியைத் தடுக்கிற மருந்து எஸ்பி-334867, கிலோ எடைக்கு 10 மி.கி., வயிற்றறைக்குள் ஊசி. 30 நிமிஷம் கழிச்சுப் பெட்டியில் விடுறோம். வெறும் உப்புநீர் (சலைன்) போட்ட எலிக்கும் மருந்து போட்ட எலிக்கும் வித்தியாசமே இல்லை. உணவைக் குறைச்சு, எலியை வழக்கமான எடையில் 85%-ல் வெச்சிருக்கோம். சோதனை காலை 11 மணிக்கு. டோஸை 30 ஆக்கலாமா?

லீவர்_பிரியன்: டோஸைத் தொடாதீங்க, வேலையைக் கடினமாக்குங்க. பசிக்கான கிரேக்கச் சொல்லை வெச்சு 1998-ல் பேர் வெச்சதால எல்லாரும் ஓரெக்சினைப் பசிக் கணக்கிலேயே பார்க்கிறாங்க. பரிசு விஷயத்தில் அது தர்றது 'கஷ்டப்பட்டாவது எடுக்கணும்'ங்கிற உந்துதல். 1 அழுத்துக்கு 1 பெல்லட்னா கஷ்டம் எங்கே இருக்கு? பட்டினி எலி எப்படியும் அழுத்தும். ஒவ்வொரு பெல்லட்டுக்கும் தேவையான அழுத்தங்களை 1, 2, 4, 6, 9, 12, 15, 20னு ஏத்துங்க. எந்த எண்ணில் கைவிடுதுன்னு பாருங்க. வயிறு நிறைஞ்ச எலியிலும் ஒரு சுற்று ஓட்டுங்க.

30-க்குப் போனா எலி மந்தமாகலாம். ஆசை குறைஞ்சதா, தூக்கமான்னு பிரிக்க முடியாது. திறந்தவெளிப் பெட்டியில் நடமாட்டத்தையும் அளந்துதான் ஆகணும்.

பெப்டைடு_மாமா: மருந்தையும் சந்தேகப்படுங்க. எஸ்பி-334867-ஓட ஹைட்ரோகுளோரைடு உப்பு திடநிலையிலேயே நீர்பட்டுச் சிதையும். சிதைஞ்சது ஏற்பியில் வேலை செய்யாது. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த குப்பியை நம்ம சென்னைப் புழுக்கத்தில் உடனே திறந்தா பொடி மேல பனி பூத்துடும். சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள்ளேயே வெச்சு, குப்பியோட குளிர் விட்ட பிறகு திறங்க. உப்பை விட்டு, உப்பாக்காத வடிவமான ஃப்ரீ பேஸ் வாங்குங்க. மருந்து கரைய உதவுற 2% டிஎம்எஸ்ஓ, 10% ஹைட்ராக்ஸிபுரொப்பில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் கலந்த நீரில் அன்னன்னைக்குக் கரைங்க. ஒப்பீட்டு எலிக்கும் அதே கரைப்பான்தான். சலைன் ஒப்பீடே ஆகாது.

தரமணி_லேப்: வாங்கினது உப்புதான்! 11 மணி சரியா?

லீவர்_பிரியன்: எலிக்கு அது தூங்குற நேரம், ஓரெக்சின் குறைவா இருக்கும். குறைவா இருக்கிறதைத் தடுத்து என்ன தெரியப்போகுது? வெளிச்சச் சுழற்சியைத் திருப்பி, 2 வாரம் பழக விட்டு, சிவப்பு விளக்கில் ஓட்டுங்க.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் விட்டுடறாங்க. ஓரெக்சினை விடுற அதே நியூரான்கள் டைனார்ஃபின்ங்கிற இன்னொரு பெப்டைடையும் சேர்த்தே விடுது. பரிசு உந்துதலுக்கான நடுமூளையின் டோபமைன் செல்களை ஓரெக்சின் முடுக்கும், டைனார்ஃபின் அடக்கும். ஓரெக்சினை மட்டும் அடைச்சா டைனார்ஃபின் கை ஓங்கும். அதனால டைனார்ஃபின் ஒட்டுற கப்பா ஏற்பியைத் தடுக்கிற மருந்தோட ஒரு குழு தனியா வையுங்க. அந்த வகையில் நார்-பிஎன்ஐ எடுத்தா 1 ஊசியோட வேலை வாரக்கணக்கில் நிற்கும். அந்த எலியை அப்புறம் ஒப்பீட்டுக் குழுவுக்கு மாத்தாதீங்க.