கலைச்சொல் வேண்டல்: இணையச் சந்தையில் லோரிக்காரர் சொல்லும் தொகைக்கு என்ன பெயர்?

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூரிலிருந்து மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சொந்தமாக ஒன்றிரண்டு லோரி வைத்து ஓட்டுபவர்களுக்கான மாலை வகுப்புக்குக் கையேடு ஒன்றைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு சொற்கள் மட்டும் பிடிபடாமல் நிற்கின்றன. சரக்கை அனுப்ப வேண்டியவர் ஏற்றும் இடம், இறக்கும் இடம், எடை, லோரியின் வகை, நாள் ஆகியவற்றை இணையத்தில் பதிவிடுகிறார். அதைப் பார்க்கும் லோரி உரிமையாளர்கள் 'இந்தத் தொகைக்கு நான் ஏற்றிச் செல்கிறேன்' என்று தெரிவிக்கிறார்கள். அந்த இடத்தை ஆங்கிலத்தில் 'லோடு போர்டு' என்றும், தெரிவிக்கும் தொகையை 'ஃபிரெய்ட் கோட்' (freight quote) என்றும் வழங்குகிறார்கள். முன்னதற்குச் 'சுமைச்சந்தை' என்று எழுதி வைத்திருக்கிறேன். பின்னதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும். 'சரக்குக் கட்டணம்' என்று எழுதினால், யாரோ விதித்துவிட்ட, பேரத்துக்கு இடமில்லாத தொகை என்ற பொருள் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் வழங்கும் 'விலைப்புள்ளி'யை எடுத்துக்கொண்டால், 'லோரி விலைப்புள்ளி' என்பது லோரியையே விற்பதற்குச் சொன்ன விலையாகிவிடும்.

ஜார்ஜ்டவுன், பினாங்கிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அன்புள்ள தம்பிக்கு வாழ்த்துகள்.

கண்ணெதிரே கிடக்கும் சொல்லை ஏன் கடந்து போக வேண்டும்? சுமையை எடுத்துச் செல்வதற்கு ஈடாகப் பெறுவது கூலி. கப்பற்கூலி, வண்டிக்கூலி, சுமைகூலி ஆகியவை நம் அகராதிகளில் ஏறிப் பலகாலம் ஆகின்றது. 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று வள்ளுவரே ஆண்ட சொல்லை விடவும் தூய சொல் எங்கே கிடைக்கும்? ஆகவே 'கூலிச்சொல்' என்பது என் பரிந்துரை. 'சொல்' என்பதற்கு வாக்கு என்ற பொருளும் உண்டாகையால், சொன்ன தொகைக்குச் சொன்னவர் கட்டுப்பட வேண்டும் என்னும் கருத்தும் அதில் தானாகவே அமைந்துவிடுகிறது. மலாய்க்காரர்கள் 'செபுட் ஹார்கா' என்று சொல்லுதலையும் விலையையும் சேர்த்தே இக்கருத்தை முடித்துவிட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்க.

சந்தைக்கும் பழைய சொல் ஒன்று காத்திருக்கிறது. சரக்கேற்றிக் கூட்டமாகச் சென்ற வணிகர் குழுவுக்குச் 'சாத்து' என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான் என்ற பெயரிலேயே பெருஞ்சாத்தின் தலைமை தெரிகிறது. ஒருவரையொருவர் சார்ந்து செல்வதனால் 'சார்' என்னும் வேரிலிருந்து சார்த்து, சாத்து என்று இது திரிந்தது. 'நீரினின்று நிலத்து ஏற்றவும், நிலத்தினின்று நீர்ப் பரப்பவும்' என்று பட்டினப்பாலை காட்டும் துறைமுகம் கிள்ளானுக்கும் பட்டர்வொர்த்துக்கும் அயலானதன்று. 'சாத்தகம்' என்று ஆளுவோம்.

பட்டர்வொர்த்திலிருந்து போக்குவரத்து நிறுவனக் கணக்காளர் எழுதியது:

ஐயா அவர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

'கூலி' என்ற சொல்லின் பழமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் அச்சொல்லுக்கு நேர்ந்ததை நாம் மறந்துவிட்டுப் பேச முடியாது. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வந்த காலம் முழுவதும், 1938இல் இந்திய அரசு அதைத் தடுத்த பிறகும்கூட, நம் பாட்டன் பாட்டியரை மனிதராகக் கருதாமல் அழைப்பதற்குப் பயன்பட்ட பெயர் அது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் பிள்ளை, வங்கிக் கடனில் லோரி வாங்கி, உரிமம் பெற்று, தன் தொழிலுக்குத் தானே முதலாளியாக நிற்கிறார். அவர் அனுப்பும் தாளின் தலைப்பில் 'கூலிச்சொல்' என்று அச்சிட்டால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை ஐயா எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். லோரிக்காரர்கள் தங்களுக்குள் சொல்வது 'வாடகை'. 'கிள்ளானுக்கு என்ன வாடகை?' என்றுதான் கேட்கிறார்கள்.

எந்தப் பெயரை வைத்தாலும், அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்பதைக் கையேடு சொல்லியாக வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு ஒருவர் தொகை சொல்லும்போது, ஓட்டத்துக்கான அடிப்படை வாடகை, டீசல், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் டோல், ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரம், எல்லாவற்றுக்கும் மேலாகத் திரும்பும்போது லோடு கிடைக்குமா அல்லது காலியாக வர நேருமா என்னும் கணக்கு ஆகிய அனைத்தும் அதில் கலந்திருக்கும். சொன்ன தொகை எந்த நாள்வரை செல்லும் என்பது எழுதப்படாவிட்டால் அத்தனையும் வீண். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10ஆம் நாள் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஒரே இரவில் உயர்ந்தது. மானிய விலையில் டீசல் நிரப்பும் அட்டை வைத்திருந்தவர் தப்பினார். அட்டை இல்லாதவர், முந்திய வாரம் நாள் குறிக்காமல் வாடகை சொல்லியிருந்தால், வாடிக்கையாளரிடம் எதை எடுத்துக் காட்டி வாதாடுவார்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சில தளங்களில் லோரிக்காரர் தம் தொகையைச் சொல்கிறார். வேறு சில தளங்களில் தளமே ஒரு தொகையைக் காட்டுகிறது. லோரிக்காரர் செய்யக்கூடியது ஏற்பதும் விடுவதும்தான். இரண்டையும் ஒரே பெயரால் குறித்தால், பிறர் குறித்த தொகையைத் தாம் சொன்னதாக அவர் நம்பிவிடுவார். 'வாடகைக் கேட்பு' என்று ஒருவர் எனக்குத் தனியே எழுதியிருந்தார். தமிழில் வாங்குபவரும் விலை கேட்கிறார், விற்பவரும் 'இவ்வளவு கேட்கிறேன்' என்கிறார். ஆகவே அந்தச் சொல் யாருடைய வாயிலிருந்து வந்த தொகை என்பதை மறைத்துவிடும். எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும்: லோரிக்காரர் தருவதற்கு ஒன்று, தளம் அறிவிப்பதற்கு ஒன்று.

உரிமத்தையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். பிறருடைய சரக்கை வாடகைக்கு ஏற்ற 'ஏ' வகைச் சரக்கேற்றும் உரிமம் தேவை. தம் சொந்தச் சரக்குக்கு மட்டும் 'சி' உரிமம் பெற்றவர் இந்தச் சந்தையில் தொகை சொல்லவே கூடாது.

பாயான் லெப்பாஸிலிருந்து நிரலாளர் எழுதியது:

வணக்கம். கணக்காளர் அக்கா கூறிய இரட்டைப் பொருள் எங்கள் திரைகளிலும் அன்றாடம் குழப்பம் தருகிறது. அதே போன்ற பிளவு 'லோடு போர்டு' என்னும் முதல் சொல்லிலும் இருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில், நெடுந்தூர ஓட்டுநர்கள் இளைப்பாறும் நிறுத்தம் ஒன்றில் 1978இல் தொடங்கியதுதான் 'டயல் எ டிரக்'. கிடைக்கும் லோடுகளை அங்கே ஓட்டுநர்கள் பார்க்கும்படி வைத்தார்கள். தொகை பேசி முடிப்பதெல்லாம் தொலைபேசியில் நடந்தது. 1995இல் இவ்வகைப் பலகை இணையத்துக்கு வந்தது. இன்றோ பதிவு, தொகை, ஒப்புதல், பணம் யாவும் ஒரே தளத்துக்குள் முடிகின்றன. முன்னது அறிவிப்புப் பலகை, பின்னதே சந்தை. ஆகவே 'சுமைப்பலகை', 'சுமைச்சந்தை' என இரண்டையும் வைத்துக்கொள்வது பொருந்தும்.

'சாத்தகம்' பற்றி ஐயாவுடன் உடன்பட இயலவில்லை. 'சாத்து' என்பது 'சார்த்த' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் என்றே அறிஞர் பலர் கொள்கின்றனர். தூய்மைக்காக அதை எடுப்பதானால் அந்த அடிப்படையே நிற்காது. என்னைக் கேட்டால் 'லோடு', 'கோட்' என்றே எழுதிவிடலாம். 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ, எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். 'லோரி'யை நாம் அப்படித்தானே ஏற்றோம்?

ஜார்ஜ்டவுன் ஆசிரியர் எழுதியது:

தொல்காப்பியர் வழிவிட்டது வடசொல்லுக்கு. அதுவும் அயல் எழுத்தைக் களைந்த பிறகு. சொல்லின் முதலில் லகரம் வாராது என்ற விதியையும் அவரே வகுத்தார் என்பதை நிரலாளர் தம்பி கருத வேண்டும். 'லோடு', 'லோரி' இரண்டும் அங்கேயே நின்றுவிடுகின்றன.

கணக்காளர் அம்மையார் 'கூலி' பற்றி எழுதியதை இருமுறை படித்தேன். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆயினும் பிறர் இழிவுபடுத்திய சொல்லை நாமும் கைவிட்டால், அந்த இழிவை நாமே உறுதிசெய்தவர்கள் ஆவோம் என்பது என் அச்சம். 'வாடகை' என்பதோ பொருளை நம் கையில் ஒப்படைத்துவிட்டுப் பெறுவது. வீட்டை வாடகைக்குக் கொடுத்தவர் உள்ளே இருப்பதில்லை; லோரிக்காரரோ சக்கரத்தைப் பிடித்தபடி சரக்குக்கும் பொறுப்பேற்கிறார். இந்த வேறுபாடு, சரக்கு சேதமடையும் நாளில் வழக்காக வந்து நிற்கும்.

பட்டர்வொர்த் கணக்காளர் எழுதியது:

'வாடகை வண்டி' என்றால் ஓட்டுநரும் சேர்ந்துதான் வருகிறார், ஐயா. அந்த வழக்கைப் பேசும் மக்கள் யாரும் இதுவரை குழம்பவில்லை. பொறுப்பு யாருடையது என்பதைப் பெயரில் அடக்க முயலாமல், தாளில் ஒரு வரியாக எழுதிவிடலாம்.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை அச்சு. குழுவுக்கும் தனியாகவும் எழுதியவர்களில் பெரும்பாலோர் 'வாடகை'யை ஏற்றுக்கொண்டதால், லோரிக்காரர் தரும் தொகைக்கு 'வாடகைப்புள்ளி' என்றும், தளம் காட்டும் தொகைக்கு 'அறிவித்த வாடகை' என்றும் எழுதுகிறேன். 'புள்ளி' என்றதும் நம் பிள்ளைகளுக்குத் தேர்வு மதிப்பெண் நினைவுக்கு வரும் என்று இருவர் எச்சரித்தார்கள். 'வாடகை' முன்னால் நிற்பதால் அந்த மயக்கம் நீடிக்காது என்று நம்புகிறேன். 'சுமைச்சந்தை', 'சுமைப்பலகை' இரண்டும் இடம்பெறுகின்றன. செல்லுபடியாகும் நாள், டோல், காத்திருப்பு, காலித் திருப்பம் ஆகிய நான்கும் வாடகைப்புள்ளியின் மாதிரித் தாளில் தனித்தனி வரிகளாக இருக்கும். உரிமம் பற்றிய எச்சரிக்கை முதல் பக்கத்திலேயே வருகிறது.

ஜார்ஜ்டவுன் ஆசிரியர் எழுதியது:

கையேடு நன்றாக வர வாழ்த்துகிறேன். என் மறுப்பைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள்: 'வாடகைப்புள்ளி'யில் சொன்னவர் தம் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார் என்னும் கருத்து இல்லை. 'கூலி' வேண்டாமென்றால் 'வாடகைச்சொல்' என்றாவது அடுத்த பதிப்பில் ஆராய வேண்டும். 'காலித் திருப்பம்' என்பதில் 'காலி' அரபுச் சொல். அதற்கு 'வெற்றோட்டம்' என்று இன்றிரவே மாற்ற இயலுமா?