அணி கோல்ஃப் நாளில் ஆட்டம் தேங்காமல் இருக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்த 40 பேர் ஆடும் 18 குழி கோல்ஃப் நாள் ஒன்றைத் திட்டமிடும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. அவர்களில் பாதிப் பேர் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை என்பதால், ஆட்டம் மாலை வரை இழுத்துக்கொண்டே போகுமோ என்று கவலைப்படுகிறேன்.

நால்வர் கொண்ட 10 அணிகளும் வெவ்வேறு குழிகளில் ஒரே நேரத்தில் தொடங்கும் ஷாட்கன் முறையையும், நால்வரும் அடித்தபின் சிறந்த பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அனைவரும் அடுத்த அடியை ஆடும் ஸ்கிராம்பிள் முறையையும் பின்பற்ற எண்ணியுள்ளேன். எட்டுக் குழிகள் காலியாக இருக்கும் என்பதால், நெரிசல் வழக்கமாக உண்டாகும் பார் 3 குழிகளில் (மூன்று முறை அடித்து முடிக்கும்படி கணக்கிடப்பட்டவை) எந்த அணியையும் நிறுத்தாமல் விடுவது சரியாக இருக்குமா?

2019 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் பந்தைத் தேட 3 நிமிடங்களே தருகின்றன. ஓர் அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்றும் பரிந்துரைக்கின்றன. ஸ்கிராம்பிளில் ஒருவரின் பந்து நல்ல இடத்தில் கிடந்தாலே போதும் என்பதால், தேடலையே தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து. ஆனால் 40 விநாடி என்று கடிகாரத்தைக் காட்டினால், புதியவர்கள் பதறி இன்னும் தாமதமாக்குவார்கள் (அனுபவசாலிகளும் இதில் சளைத்தவர்கள் அல்லர்).

நேரம் பெரிதும் விரயமாவது, குழியை நோக்கிப் பந்தை மெல்ல உருட்டி ஆடும் பட்டிங் பரப்பில்தான். அங்கே ஒரு குழிக்கு இத்தனை அடிகள்தான் என்று உச்சவரம்பு வைத்து நடத்தியவர்கள் இருந்தால், எந்த எண்ணிக்கை பொருத்தமாக இருந்தது என்றும், அதைக் கண்காணிக்கும் பொறுப்பை அணியில் யாரிடம் கொடுத்தீர்கள் என்றும் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.