லட்சுமி படமும் அச்சோவியமும் ஒரே சுவரில் இருக்கலாமா?

கேள்வி (மாட்டுங்கா, மும்பை):
பாட்டி விட்டுச் சென்ற ரவிவர்மா அச்சகத்து லட்சுமி படம் எங்கள் கூடத்தில் உள்ளது. புடவைக் கரை நெடுக ஜிகினா தைத்தவர் பாட்டிதான். அண்மையில் இளம் ஓவியர் ஒருவரிடம் செப்புத் தகட்டிலிருந்து தாளில் அச்சிட்ட மழைக்கால ரயில் நிலையக் காட்சி ஒன்றை வாங்கினேன். அதன் அடியில் பென்சிலால் 4/20 என்ற எண்ணும் கையொப்பமும் உள்ளன. இரண்டையும் அருகருகே மாட்ட விரும்புகிறேன். சாமி படத்தைக் காட்சிப் பொருளாக்குவதா என்று அம்மா வருந்துகிறார்.

மறுமொழி (செம்பூர்):
அச்சுக்கலை சமயத்தின் மடியில் வளர்ந்தது என்பதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். சீனாவில் 868-ஆம் ஆண்டு மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட வைர சூத்திரம் என்ற பௌத்த நூற்சுருளின் முகப்பில் புத்தர் உபதேசிக்கும் காட்சி இருக்கிறது; தம் பெற்றோரின் பொருட்டு, யாவருக்கும் இலவசமாக வழங்குவதற்காக இதைச் செய்வித்ததாக அதை அச்சிடுவித்தவர் இறுதியில் பொறித்திருக்கிறார். ரவிவர்மா 1894-இல் இதே மும்பையில் அச்சகம் தொடங்கிய பிறகு, கோயிலுக்குள் நுழைய இயலாதவர்களின் வீடுகளுக்கும் அவர் வரைந்த தெய்வ உருவங்கள் சென்றன. ஜப்பானின் அச்சோவியர் முனகாத்தா ஷிகோ 1939-இல் புத்தரின் பத்துச் சீடர்களை மரத்தில் செதுக்கி அச்சிட்டார். 1956-இல் வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் அச்சோவியத்துக்கான பெரும்பரிசு பெற்ற அவரை நவீனர் என்பதா, பக்தர் என்பதா? எனக்கு இரண்டும் ஒன்றே.

மறுமொழி (முலுண்ட்):
வரலாறு சரி, ஆயினும் அம்மாவின் வருத்தத்தை அது தீர்க்காது. விளக்கேற்றி வணங்கிய படத்தைக் கண் வேறுவிதமாகவே சந்திக்கிறது. இருபது பிரதிகளோடு நிறுத்தி எண்ணிட்டு, ஓவியர் தம் அச்சை அரிதாக்கினார். எண்ணற்ற பிரதிகளில் ஒன்றாக வந்த லட்சுமியை உங்கள் பாட்டியின் ஊசி ஒரே ஒன்றாக்கியது. என் யோசனை, ஒரே சுவராக இருக்கட்டும், ஆனால் லட்சுமி சற்று உயரத்தில், கிழக்கு நோக்கித் தனித்து இருக்கட்டும்.

மறுமொழி (செம்பூர்):
அதை ஏற்கிறேன். ஒன்று மட்டும்: மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் இரண்டையும் மாட்டாதீர்கள். கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி இடையில் அமிலமற்ற அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஜிகினா தைத்த படத்துக்கு இன்னும் ஆழமான சட்டம் வேண்டும். விளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைத்தால் புகை காகிதத்தைப் பழுப்பாக்கும். ஓரடி தள்ளி வைக்க அம்மா இசைவார்.