99213, 20610 ஒரே நாளில்: 25 போட்டு அனுப்பியும் டினையல், உதவி வேணுங்க

சரவணம்பட்டி நைட் ஷிப்ட்:
வணக்கமுங்க. கோவையில் அமெரிக்க மெடிக்கல் பில்லிங்கில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு கிளைம் மூன்று வாரமாகப் பாடாய்ப் படுத்துகிறது. நோயாளி விவரம் எதையும் போடவில்லை, கோடு மட்டும்.

வலது முழங்காலுக்கு ஊசி. 99213 (டாக்டர் பார்த்த விசிட்), 20610-ஆர்டி (வலது மூட்டில் ஊசி போட்டது), ஜே3301 (ஊசி மருந்து) என்று மூன்று வரி. டயக்னோசிஸ் எம்17.11 (வலது முழங்கால் மூட்டுத் தேய்மானம்). தனியார் இன்சூரன்ஸ். முதலில் 99213-க்கு மட்டும் சிஓ-97 (வேறு வரியின் காசிலேயே அடக்கம் என்ற மறுப்பு) வந்தது. "25 போட்டு அனுப்பு, வந்துரும்" என்றார் டீமில் ஒருவர். (25 என்பது, விசிட் ஊசியிலிருந்து தனி என்று காட்ட 99213-ஓடு சேர்க்கும் மாடிஃபையர்.) அனுப்பினேன். இப்போது மூன்று வரிக்கும் ஓஏ-18. எங்கே தப்பு?

பல்லடம் ஏஆர்:
ஓஏ-18 என்றால் டூப்ளிகேட்டுங்க. திருத்தியதைப் புதுக் கிளைமாகவே அனுப்பியிருக்கிறீர்கள். 837-இல், அதாவது கிளைம் அனுப்பும் எலக்ட்ரானிக் ஃபைலில், ஃப்ரீக்வென்சி கோடு இருக்கும். 1 என்றால் புதுசு, 7 என்றால் பழையதற்கு மாற்று. 7 போட்டால் பழைய கிளைமுக்கு இன்சூரன்ஸ்காரர் கொடுத்த எண்ணையும் சேர்க்க வேண்டும். அது 835-இல், அதாவது பணம் பற்றி இன்சூரன்ஸ் அனுப்பும் பதில் ஃபைலில், வந்திருக்கும். நம் சாஃப்ட்வேர் போடும் எண்ணைக் கொடுத்தால் திரும்பி வந்துவிடும்.

ஈரோடு கோடர்:
தம்பி, 7 போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்க. 25 போடலாமா என்று யாராவது டாக்டரின் குறிப்பைப் படித்தீர்களா? ஊசி போடும் முன் முழங்காலைத் தொட்டுப் பார்ப்பது, போடலாம் என்று முடிவெடுப்பது எல்லாம் 20610-இன் காசுக்குள்ளேயே அடக்கம். அதற்கு மேல் தனியாக ஒரு பரிசோதனை நடந்திருந்தால்தான் 99213-க்கு 25. காசு வரட்டும் என்று போட்டால், பின்னால் ஆடிட்டில் அந்த டாக்டர் பதில் சொல்ல வேண்டிவரும். இதை நான் ரொம்பக் கண்டிப்பாகவே சொல்வேன்.

சரவணம்பட்டி நைட் ஷிப்ட்:
இப்போதுதான் முழுசாகப் படித்தேன் அக்கா. ஊசிக்கு முன்கூட்டியே நாள் வாங்கி வந்தவர். அன்றைக்கு பிபியும் பார்த்திருக்கிறார்கள். கட்டுக்குள் இருக்கிறது, அதே மாத்திரையைத் தொடரலாம் என்று தனிப் பத்தியாக எழுதி, மருந்துச் சீட்டையும் புதுப்பித்திருக்கிறார். ஊசி மருந்து டிரையாம்சினோலோன் 40 மி.கி.

ஈரோடு கோடர்:
அப்போ 25 நியாயம்தான். 99213 மேல்தான் போட வேண்டும், 20610 மேல் அல்ல. ஆனால் பிபிக்கான ஐ10 உங்கள் கிளைமிலேயே இல்லையே! இரண்டாவது டயக்னோசிஸாகச் சேர்த்து, 99213-இன் பாயிண்டரை (வரி எந்த டயக்னோசிஸுக்கு என்று காட்டுவது) அதற்குக் கொடுங்க. 25-க்கு வேறு டயக்னோசிஸ் கட்டாயம் என்று விதி கிடையாது. ஆனால் குறிப்பில் நடந்தது இதுதான் என்றால் கிளைமும் அதையே சொல்லட்டும்.

ஜே3301-க்கு எத்தனை யூனிட் போட்டீர்கள்?

சரவணம்பட்டி நைட் ஷிப்ட்:
1. ஒரு ஊசிதானே என்று போட்டேன்.

ஈரோடு கோடர்:
அங்கேயும் தப்பு தம்பி. அந்தக் கோடு 10 மில்லிகிராமுக்கு. 40 என்றால் 4 யூனிட். மருந்துக் காசில் முக்கால் பங்கு விட்டுப்போயிருக்கும். ஜே கோடு எதுவானாலும் விளக்கத்தில் அளவைப் பார்த்துவிட்டு, குறிப்பில் உள்ள மில்லிகிராமை வகுத்துப் போடுங்க.

பல்லடம் ஏஆர்:
மாற்றுக் கிளைம் பழையதை முழுசாகத் தூக்கிவிடும். அதனால் திருத்திய வரியை மட்டும் அனுப்பாமல் மூன்றையும் அனுப்புங்க. திருத்திய கிளைமுக்கு அந்த இன்சூரன்ஸ் வைத்திருக்கும் கடைசித் தேதியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்க.

சரவணம்பட்டி நைட் ஷிப்ட்:
நேற்று ராத்திரி அனுப்பினேன். காலையில் கேப் வருவதற்குள் கிளைமின் நிலையைச் சொல்லும் 277-இல் ஏற்றுக்கொண்டதாக வந்துவிட்டது. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க.

அப்புறம் அக்கா, 25 போட்டு அனுப்பக் காத்திருந்த இன்னும் ஆறு கிளைம்களையும் எடுத்துப் படித்தேன். இரண்டில் ஊசியைத் தவிரக் குறிப்பில் ஒன்றுமே இல்லை. அவற்றை நிறுத்திவைத்து, 99213-ஐ எடுக்க வேண்டும் என்று டீம் லீடுக்கு எழுதிவிட்டேன்.